இரவில் யார் விழித்திருப்பார்கள்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: மறதி நோய் கண்ட அம்மாவையோ அப்பாவையோ, சிலர் மட்டுமே தங்கும் சிறிய பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், எட்டு முதியவர்களுக்கு நடுவே, தலைமைச் செவிலியராகப் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். மருந்தின் அளவு கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. நோயாளியைப் பார்க்காமல் அதைச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. அல்சைமர் என்று சொல்லி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு இடங்களைப் பார்த்துவந்தோம். ஒன்று நூறு அறைகளுக்கு மேல் உள்ள கட்டடம்; வரவேற்பறையில் பியானோ இருக்கிறது. இன்னொன்று சாதாரண வீடு, எட்டுப் பேர்தான். பெரிய இடம்தான் பாதுகாப்பு என்கிறார் என் கணவர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்தப் பியானோவை யார் வாசிக்கிறார் என்று கேட்டீர்களா? வரவேற்பறை என்பது மகள்களுக்காகவும் மருமகன்களுக்காகவும் கட்டப்படுவது. சேர்ந்த பிறகு உங்கள் அம்மா அந்தப் பக்கம் வருவாரா என்பதே சந்தேகம்.

முதலில் அம்மாவுக்கு என்ன உதவி தேவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963-இல் ஆறு அன்றாடக் காரியங்களை வைத்து ஓர் அளவுகோல் தந்தார்: குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல். பெரும்பாலும் குளிப்பதில்தான் முதலில் தடுமாற்றம் வரும். தட்டிலிருந்து எடுத்துத் தானே உண்ணும் திறன் கடைசியில் போகும். உதவியோடு வாழும் இல்லம் என்றால் இந்த ஆறில் ஒன்றிரண்டுக்குக் கைகொடுக்கும் இடம். மாத்திரை எடுத்துத் தருவார்கள், குளிக்கும்போது அருகில் நிற்பார்கள், மற்றபடி அவரவர் விருப்பம். மறதி நோயாளிகளுக்கென்றே நடத்தும் நினைவுப் பராமரிப்பு இல்லம் அப்படியன்று. அங்கே இருப்பவர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல மாட்டார், தாகத்தைக்கூடச் சொல்ல மாட்டார். அழைப்பு மணியைக் கையில் கொடுத்தால் அது எதற்கென்று தெரியாமல் திருப்பித் தருவார். வேறொருவர் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். முதல் வகைப் பணியாளர்களையே வைத்துக்கொண்டு, வாசலுக்கு ஒரு பூட்டைப் போட்டு, இரண்டாம் வகைப் பெயர்ப்பலகையை மாட்டிவிடும் இடங்களும் உண்டு. கவனமாக இருங்கள்.

சிறிய வீட்டின் பலம் இந்தப் 'பார்த்துப் புரிந்துகொள்வதில்'தான் இருக்கிறது. இந்த அம்மா சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தால் கழிப்பறைக்கு அழைத்துப்போக வேண்டும், அந்த ஐயா தட்டைத் தள்ளினால் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும் என்பதெல்லாம் எட்டுப் பேரையே நாள்தோறும் பார்க்கிறவருக்குப் பழகிவிடும். சமையலறையின் சத்தமும் வாசனையும் கூடத்துக்கு வருவதால் சாப்பாட்டு நேரத்தை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. பில் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பெரிய இல்லங்களுக்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வாழும் வீடுகள் வேண்டும் என்று வாதாடினார். 'கிரீன் ஹவுஸ்' என்ற பெயரில் அவருடைய முதல் வீடுகள் 2003-இல் மிசிசிப்பி மாநிலத்தின் டுப்பலோ நகரில் திறக்கப்பட்டன. அங்கே சமைப்பவர், குளிப்பாட்டுபவர், துணி துவைப்பவர் எல்லாம் ஒரே ஆள். ஒருவரை முழுதாக அறிந்துகொள்ள அதுவே வழி.

இனி உங்கள் கணவர் பக்கம் வருகிறேன், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எட்டுப் பேர் வீட்டில் பகலில் இரண்டு பணியாளர் இருப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பாதிப் படை காலி. இரவில் பெரும்பாலும் ஒருவர்தான். அந்த ஒருவர் இரவு முழுவதும் விழித்திருப்பவரா, கூப்பிட்டால் எழுந்துவருபவரா? இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மறதி நோயாளி இரவில் கூப்பிட மாட்டார். தானே எழுவார், நடப்பார், விழுவார். தீப்பிடித்தால் அந்த ஒற்றை ஆள் எட்டுப் பேரையும் எப்படி வெளியேற்றுவார், ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கொடுப்பவர் யார், செவிலியர் தினமும் வருவாரா அல்லது தொலைபேசியில் மட்டும்தானா, இப்போதிருக்கும் பணியாளர்களில் ஓராண்டுக்கு மேல் இருப்பவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். முக்கியமாக, எந்த நிலை வந்தால் அம்மாவை வைத்துக்கொள்ள இயலாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசிவரை பார்த்துக்கொள்வோம் என்று கையைப் பிடித்துச் சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும் என்ற நிலை வந்தால் எங்களால் முடியாது என்று நேராகச் சொல்பவர் மேல்.

மீண்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள், காலை பதினொரு மணிக்கு அல்ல, மாலை ஐந்தரைக்கு. பணியாளர் குனிந்து கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, தலைக்கு மேலே நின்று பேசுகிறாரா என்று கவனியுங்கள். மூக்கையும் பயன்படுத்துங்கள். சிறுநீர் வாடை ஒரு மூலையில் இருந்தால் சற்றுமுன் ஏதோ நடந்திருக்கிறது, துடைப்பார்கள். வீடு முழுக்க இருந்தால் அது பழக்கம். வீடு முழுக்க வாசனைத் தெளிப்பான் மணந்தால் நான் அப்படியே திரும்பிவிடுவேன்.

இரவுக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் சிறிய வீடு. கிடைக்காவிட்டால் பியானோவே பரவாயில்லை.

கேள்வி: குளிக்க வைத்தால் அம்மா அடிக்கிறார், கடிக்க வருகிறார் என்று இல்லத்தில் புகார் சொல்கிறார்கள். வாழ்நாளில் யாரையும் கையோங்காதவர். எனக்கு அவமானமாக இருக்கிறது.

பதில்: முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் ஆடையைக் களைந்து, குளிர்ந்த அறையில் உட்கார வைத்து, சொல்லாமல் தலையில் தண்ணீரை ஊற்றினால் நீங்களும் அடிப்பீர்கள். உங்கள் அம்மாவின் பார்வையில் நடப்பது அதுதான். அவர் தன்னைக் காத்துக்கொள்கிறார், அவ்வளவே.

இல்லத்தாரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள். குளியலறையை முன்பே வெதுவெதுப்பாக்கட்டும். ஆடையை முழுதும் களையாமல், பெரிய துண்டால் போர்த்தி, கழுவும் பகுதியை மட்டும் திறந்து கழுவி உடனே மூடட்டும். காலில் தொடங்கி மேலே வரட்டும். முகமும் தலையும் கடைசியில், அல்லது வேறொரு நாளில். நோயாளிக்குச் சண்டை மூட்டுவது பெரும்பாலும் தலையில் விழும் தண்ணீர்தான். அம்மாவின் கையில் ஒரு சிறு துண்டைக் கொடுத்தால் அந்தக் கைக்கு அடிப்பதைவிட வேறு வேலை கிடைக்கும். குளியலறைக்குப் போகவே மறுத்தால் படுக்கையிலேயே வெந்நீரில் நனைத்த துண்டுகளால் உடலைத் துடைத்துவிடலாம். 2004-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வில், நோயாளியின் போக்குக்கேற்ற இந்த முறைகள் இரண்டிலுமே கூச்சலும் அடிதடியும் நன்றாகக் குறைந்தன. சுத்தத்திலும் குறைவில்லை.

அம்மா வாழ்நாள் முழுக்க எந்த நேரத்தில் குளித்தவர்? இரவில் என்றால் காலை எட்டு மணிக்கு இழுத்துப்போவதில் பொருளில்லை. நூறு அறைக் கட்டடத்தில் பட்டியல்படிதான் குளியல். எட்டுப் பேர் வீட்டில் மாற்ற முடியும். மாற்ற மாட்டோம் என்றால் அது சிறிய வீடாக இருந்து என்ன பயன்? இன்று முடியவில்லையா, நாளை பார்த்துக்கொள்ளலாம். குளியல் ஒரு நாள் தள்ளிப்போனால் உலகம் முழுகிவிடாது.

கேள்வி: மாலையானால் அப்பா வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறார். 'வீட்டுக்குப் போக வேண்டும், அம்மா காத்திருப்பாள்' என்கிறார். அவர் சொல்லும் வீட்டை விற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பாட்டி இறந்து அதற்கும் மேலே. உண்மையைச் சொல்வதா, பொய் சொல்லிச் சமாளிப்பதா?

பதில்: 'பாட்டி எப்போதோ போய்விட்டார் அப்பா' என்று சொன்னால் அது அவருக்கு அன்றைக்கு வந்த சாவுச் செய்தி. நாளை மறுபடி சொன்னால் மறுபடி சாவு. இதை உண்மையின் பெயரால் தினமும் செய்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்காக 'காலையில் கூட்டிப்போகிறேன்' என்று வாக்குக் கொடுப்பதும் எனக்குப் பிடிக்காது. நோய் எதை அழிக்கும், எதை விட்டுவைக்கும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் பையோடு நிற்பவர்களும் உண்டு.

நவோமி ஃபீல் என்ற சமூகப் பணியாளர் 1960-களிலிருந்து முதியோர் இல்லங்களில் வேலை செய்து ஒரு முறையை வளர்த்தெடுத்தார். தகவலைத் திருத்தாதே, உணர்ச்சிக்குப் பதில் சொல் என்பது அதன் சாரம். அவருடைய முறையின் எல்லாப் பகுதிகளும் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். இந்த ஒன்று மட்டும் வேலை செய்கிறது. 'தாமதமாகப் போனால் பாட்டி திட்டுவாரா?' என்று கேளுங்கள். 'வாசலில் என்ன மரம் இருந்தது?' என்று கேளுங்கள். இதில் பொய் ஏதும் இல்லை. கூடவே நடந்தபடி கேளுங்கள், நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள். பேசிக்கொண்டே கதவிலிருந்து திரும்புவது எளிது.

ஏன் மாலையில் மட்டும்? பகல் முழுக்க எதையும் புரிந்துகொள்ள முயன்று களைத்த மூளை. மங்கும் வெளிச்சத்தில் நிழல்கள் ஆட்களாகத் தெரியும். உடலின் உறக்க விழிப்பு ஒழுங்கும் இந்த நோயில் குலைகிறது. இன்னொரு காரணத்தை இல்லங்கள் ஒப்புக்கொள்வதில்லை: பணியாளர்கள் மாறும் நேரம் அது. எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போய் வருகிறேன் என்று கையசைத்தால் பார்க்கிறவருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றாதா? எங்கள் வீட்டில் பணி முடிந்தவர்கள் கூடத்தைக் கடக்காமல் பின்கதவு வழியே போக வேண்டும் என்று விதி வைத்திருந்தேன். உங்கள் அப்பா இருக்கும் இடத்திலும் கேட்டுப் பாருங்கள். இருட்டும் முன்பே எல்லா விளக்குகளையும் போட்டுத் திரைகளை இழுத்து மூடட்டும். மாலைச் சிற்றுண்டியைச் சற்று முன்னதாகத் தரட்டும். பசியாக இருக்கலாம், சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் சொல் கிடைக்காதவர் 'வீடு' என்பார்.

கேள்வி: போகும்போதெல்லாம் என் கணவர் வேறு யாருடைய சட்டையையோ அணிந்திருக்கிறார். இது அலட்சியம் இல்லையா?

பதில்: சட்டையில் பெயர் தைத்தீர்களா? தைத்திருந்தும் இப்படியென்றால் ஒருமுறை கேளுங்கள். தைக்கவில்லை என்றால் தைத்துவிட்டுக் கேளுங்கள். மறதி நோயாளிகள் இருக்கும் வீட்டில் எல்லா அலமாரியும் எல்லோருக்கும் சொந்தம். அடுத்த அறைக்காரர் உங்கள் கணவருடையதைப் போட்டுக்கொண்டு மகிழ்ச்சியாக இருப்பார். அவர் அணிந்திருக்கும் சட்டை சுத்தமாக இருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா, பொத்தான் ஒழுங்காகப் போட்டிருக்கிறதா? அதில் குறை என்றால் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

கேள்வி: இரவில் சத்தம் போடுகிறார் என்று அம்மாவுக்கு ஏதோ மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இப்போது சத்தம் இல்லை. ஆனால் பகலிலும் தூங்குகிறார், நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுகிறார். கேட்டால், இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறார் என்கிறார்கள்.

பதில்: யார் நிம்மதியாக இருக்கிறார் என்று கேளுங்கள்.

அந்த மாத்திரையின் பெயர், தொடங்கிய நாள், எழுதிக்கொடுத்த மருத்துவர், எந்தக் காரணத்துக்கு, எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்ற விவரங்களை இன்றே எழுதி வாங்குங்கள். ஆன்ட்டிசைக்காட்டிக் எனப்படும் மனநோய் மருந்து வகையாக இருந்தால் நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவற்றைத் தரும்போது இறப்பு அபாயம் கூடுகிறது என்ற எச்சரிக்கையைப் பெட்டி கட்டி அச்சிடும்படி அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் புதிய வகை மருந்துகளுக்கு உத்தரவிட்டது. 2008-இல் பழைய வகைகளுக்கும் நீட்டித்தது. லூயி பாடி வகை மறதி நோயாக இருந்தால் சிறு அளவுகூட உடலை மரமாக விறைக்க வைக்கலாம். எனவே அம்மாவுக்கு எந்த வகை என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் அளவுக்குக் கலவரமானவருக்கு, வேறு வழிகளைப் பார்த்த பிறகு, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தேவைப்படலாம். சத்தத்தை அடக்கும் கருவியாகத் தருவதுதான் தவறு. நீங்களாகத் திடீரென்று நிறுத்தியும் விடாதீர்கள், அதற்கும் மருத்துவர் வேண்டும்.

சத்தம் எதனால் வந்தது என்று யாராவது தேடினார்களா? வலியைச் சொல்லத் தெரியாதவர் கத்துவார். பல் வலி, மூட்டு வலி, பல நாள் மலச்சிக்கல், முட்டி நிற்கும் சிறுநீர், கழன்று கிடக்கும் காது கருவி. நேற்றுவரை ஒருவராக இருந்தவர் இன்று வேறு ஆளாக மாறினால் அதை நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. அல்சைமர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகர்வது. மணிக்கணக்கில், நாட்கணக்கில் வருவது பெரும்பாலும் டெலிரியம் என்ற சித்தக் கலக்கம். அதற்குப் பின்னால் சளிக்காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, நீர் வற்றியதோ, ஒரு புது மாத்திரையோ இருக்கும். அரிப்புக்கும் தூக்கத்துக்கும் சாதாரணமாக வாங்கும் டைஃபென்ஹைட்ரமைன் ஒன்றே முதியவரைக் குழப்பத்தில் தள்ளப் போதும். இந்தச் சித்தக் கலக்கத்தை அமைதியாகப் படுத்துக்கிடக்கும் நோயாளியிடம் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். கத்துகிறவரையாவது எல்லோரும் பார்ப்பார்கள்.

கேள்வி: அப்பா இரண்டுமுறை தெருவுக்குப் போய்விட்டதால் எண் அழுத்தித் திறக்கும் பூட்டைப் போட்டுவிட்டார்கள். ஆயுள் முழுக்க வெளியில் அலைந்து வேலை பார்த்தவர். சிறையில் வைத்தது போலிருக்கிறது.

பதில்: பூட்டு வேண்டியதுதான். தெருவைக் கடக்கத் தெரியாதவருக்குத் திறந்த கதவு சுதந்திரம் ஆகாது. பூட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009-இல் திறந்த ஹோகவெய்க் குடியிருப்பில் ஆறேழு பேர் வாழும் வீடுகள், தெருக்கள், கடை, தோட்டம் எல்லாம் உண்டு. சுற்றிலும் எல்லை உண்டு, உள்ளே எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். சிறிய வீட்டில் இதையெல்லாம் கட்ட முடியாது. ஆனால் முட்டுச்சந்தாக முடியாத நடைவழி, வேலியிட்ட சிறு முற்றம், தினமும் யாராவது ஒருவர் உடன்வர வெளியே ஒரு நடை, இவை முடியும்.

அப்பா எந்த நேரத்தில் கிளம்பினார் என்று பாருங்கள். எங்களிடம் ஒருவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கதவை ஆட்டுவார். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், முதல் பஸ் அவருடையது. அந்த நேரத்தில் விளக்கைப் போட்டு, முகம் கழுவ வைத்து, சூடாகக் குடிக்க ஏதாவது கொடுத்து, கையில் ஒரு பையைத் தந்தால் முற்றத்தைச் சுற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இரவுப் பணியாளர் விழித்திருந்ததால் இது நடந்தது. தீ எச்சரிக்கை மணி அடித்தால் அந்த எண் பூட்டு தானாகத் திறக்குமா என்பதையும் நேரில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்தேன். முடியாமல் இப்போது சேர்த்திருக்கிறேன். வெளியூரில் இருக்கும் அண்ணன், அம்மாவைத் தள்ளிவிட்டாய் என்கிறார்.

பதில்: அடுத்த விடுமுறைக்கு அண்ணனை வரச் சொல்லுங்கள். அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்து இரண்டு வாரம் அவரிடமே விட்டுவிட்டு நீங்கள் எங்காவது போய்த் தூங்குங்கள். வர நேரமில்லை என்றால் பேசவும் நேரமிருக்காது, தொலைபேசியை எடுக்காதீர்கள். கடமையைக் கைகழுவியவர் இப்படிக் கடிதம் எழுத மாட்டார். இல்லத்தில் சேர்த்த பிறகும் உங்கள் வேலை முடியவில்லை, மாறியிருக்கிறது: குளிப்பாட்டும் வேலை அவர்களுடையது, கவனித்துக் கேள்வி கேட்கும் வேலை உங்களுடையது.

கேள்வி: அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. போய்விட்டு வந்த பத்து நிமிடத்தில் நான் வந்ததையே மறந்துவிடுகிறார். இனியும் போவதில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்: அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான திரைப்படத் துணுக்குகளையும் மகிழ்ச்சியான துணுக்குகளையும் காட்டினார்கள். சற்று நேரத்தில் எதைப் பார்த்தோம் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. ஆனால் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் நினைவு போன பிறகும் நீடித்தன. ஆகவே நீங்கள் வந்தது மறந்தாலும், வந்ததால் ஏற்பட்ட மனநிலை மிச்சமிருக்கும். இதன் மறுபக்கத்தையும் யோசியுங்கள். காலையில் ஒரு பணியாளர் எரிந்து விழுந்தால் அதுவும் மிச்சமிருக்கும்.

'நான் யார் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். அது தேர்வு. தோற்றுப்போகிறவருக்குத் தோற்றது தெரியும். முன்பக்கமாக வந்து, கண்மட்டத்தில் உட்கார்ந்து, 'நான் உங்கள் மகள், உங்களைப் பார்க்க வந்தேன்' என்று பெயரோடு சொல்லிவிடுங்கள். உங்களைத் தன் அக்கா என்று அழைத்தால் அக்காவாகவே இருங்கள். பேச்சு வற்றினால் கைக்கு வேலை கொடுங்கள்: துணி மடிப்பது, நகம் வெட்டிவிடுவது, முடி வாரிவிடுவது. இரண்டு மணி நேரம் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடிக்கடி வந்து சிறிது நேரம் இருப்பது அம்மாவுக்கும் நல்லது. எந்த நேரத்தில் வருவீர்கள் என்று தெரியாமல் இருப்பது இல்லத்தாருக்கும் நல்லது.

கேள்வி: அப்பாவுக்கு நோய் மிகவும் முற்றிவிட்டது. விழுங்கச் சிரமப்படுகிறார். வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாமா?

பதில்: மறதி நோயின் இறுதிக் கட்டத்தில் குழாய் வேண்டாம், கையால் ஊட்டுங்கள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் சொல்கிறது. குழாய் வைத்ததால் இந்த நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்வதாகவோ, உணவு மூச்சுக்குழலில் போய் நிமோனியா வருவது நின்றதாகவோ தெரியவில்லை. படுக்கைப்புண் கூடுகிறது. குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டுவதும் நடக்கிறது. இதுவரை நன்றாக விழுங்கியவர் திடீரென்று திணறினால் மட்டும் வேறு காரணத்தை மருத்துவர் தேட வேண்டும். கையால் ஊட்ட ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கரண்டியில், விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். அதற்கு ஆள் இருக்கிறதா என்பதே இல்லத்தாரிடம் கேட்க வேண்டியது. மூன்று பேருக்கு ஒருவர் ஒரே நேரத்தில் ஊட்டுகிறார் என்றால் ஒரு வேளைக்காவது நீங்கள் போய் ஊட்டுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் மாமியாரைச் சேர்க்கப்போகிறோம். உடைகள், மருந்து, கோப்புகள் தவிர வேறு என்ன கொடுத்தனுப்ப வேண்டும்?

பதில்: ஒரு தாள். ஒரே பக்கம், பெரிய எழுத்து. மருத்துவக் கோப்பை யாரும் நள்ளிரவில் புரட்ட மாட்டார்கள். அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார், விளக்கு எரிய வேண்டுமா, வெந்நீர் எவ்வளவு சூடு, எந்தப் பேச்சை எடுத்தால் அழுவார், எதைப் பேசினால் சிரிப்பார், வலித்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார் என்று எழுதுங்கள். பிள்ளைகள் பட்டங்களையும் பதவிகளையும் எழுதித் தருகிறார்கள். எனக்கு ஒருமுறை மூன்று பக்கம் வந்தது, அதில் அந்தப் பெரியவர் இடதுகைக்காரர் என்று எங்கும் இல்லை. கரண்டியை வலப்பக்கம் வைத்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தோம். அவருடைய சொந்தத் தலையணை, பழைய போர்வை, பகலா இரவா என்று எழுத்தில் காட்டும் கடிகாரம் ஆகியவற்றையும் அனுப்புங்கள். விலையுயர்ந்த எதையும் அனுப்பாதீர்கள். காது கருவி இருந்தால் சிவப்புக் குறி வலக்காதுக்கு, நீலக் குறி இடக்காதுக்கு என்பதையும், மின்கலம் எந்தக் கிழமையில் மாற்ற வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி, கட்டில் தலைப்பக்கச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். புதிதாக வரும் இரவுப் பணியாளருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.